பதினேழின் பால்

உங்கள் ரைட்டருக்குக் கையெழுத்து அழகு. குண்டு குண்டாக, கொம்பு கால் ஒன்றும் விடாமல் எழுதியிருக்கிறார். இருபத்தைந்து வருடம் காலேஜில் விடைத்தாள் திருத்தியவள் சொல்கிறேன், இப்படி எழுதுகிறவர்கள் இப்போது அபூர்வம்.

ஆனால் நாலாவது வரியில் ஒரு சொல் தவறு. "பதற்றத்தில் ஊசி போடத் தவறிவிட்டேன்" என்று இருக்கிறது. நான் பதறவில்லை. அந்தச் சொல்லோடு நான் கையெழுத்துப் போட மாட்டேன், இன்ஸ்பெக்டர்.

"மேடம், அந்தச் சொல்லு உங்களுக்கு நல்லதுதான். அது இருந்தா கவனக்குறைவுன்னு போயிரும். உங்க வக்கீலே அதத்தான் சொல்லுதாரு" என்கிறீர்கள். உங்கள் சட்டையில் வானமாமலை என்ற பெயரைப் பார்த்தபோதே தெற்கத்திக்காரர் என்று நினைத்தேன். நல்ல மனதோடு சொல்கிறீர்கள். ஆனால் நீங்கள் செய்வது எனக்கு உதவி இல்லை, அவமானம். வயதான பொம்பளை, பிள்ளை மூச்சுக்குத் திணறியதைப் பார்த்ததும் கை கால் உதறி நின்றுவிட்டாள் என்று எழுதி வைக்கிறீர்கள். என் கை உதறியதில்லை. கருவில் ஊசி ஏற்றிய கை இது. எத்தனை சின்னது தெரியுமா ஒரு கரு? கண்ணால் பார்க்க முடியாது.

மற்றதெல்லாம் சரி. டாக்டர் எழிலரசி, வயது அறுபத்திரண்டு, கால்நடை மருத்துவர், ஒரகடம் பக்கத்துப் பண்ணையில் இனப்பெருக்கப் பிரிவுக்குத் தலைவர். பண்ணையில் பால் கறக்கும் அருள்மேரியின் மகள் ஷாலின், வயது எட்டு. வியாழக்கிழமை காலை பதினொன்று பத்துக்கு நான் கொடுத்த பாலைக் குடித்தது. பதினொன்று ஐம்பதுக்கு உயிர் இல்லை. நேரமெல்லாம் சரியாக இருக்கிறது. இருக்காதா, நான் எழுதி வைத்த நேரம்தானே.

பதினேழு என்ற மாட்டைப் பற்றி ஒரே ஒரு வரி. "மரபணு மாற்றப்பட்ட மாடு." இதுவும் தவறு. அவளுக்குள் வெளியிலிருந்து நாங்கள் எதையும் கொண்டுபோய் வைக்கவில்லை. இருந்ததில் ஒன்றைத் திருத்தினோம். உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். இந்த ரோட்டில் ஏதாவது கார் கம்பெனிக்குள் போயிருப்பீர்கள். லைனில் ஒரு ஸ்டேஷனை மட்டும் நிறுத்தினால் என்ன ஆகும்? வண்டி வரும், அந்த ஒரு பாகம் மட்டும் இல்லாமல் வரும். பால் திரிந்தால் தெளிந்து நிற்குமே ஒரு தண்ணீர், அதில் ஒரு புரதம் உண்டு. பால் சேராத குழந்தைகள் நிறையப் பேருக்கு அதுதான் எதிரி. அந்தப் புரதத்தைச் செய்கிற ஸ்டேஷனை நிறுத்தினோம். நாட்டில் எத்தனை குழந்தைகள் ஒரு வாய்ப் பால் குடிக்க முடியாமல் இருக்கின்றன என்று நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள். நான் பதினோரு வருடமாக அதை மட்டும்தான் யோசித்தேன்.

அறுபத்து மூன்று கரு வைத்தோம். ஒன்பது கன்று பிறந்தது. நாலு தங்கியது, பதினேழாவது கருவில் வந்த பதினேழையும் சேர்த்து. மீதி ஐந்து என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கவில்லை. கம்பெனி போர்டு கேட்கவில்லை. பத்திரிகைக்காரர்கள் கேட்கவில்லை. ஷாலின்தான் கேட்டது.

பள்ளிக்கூட லீவில் அது அம்மாவோடு கொட்டகைக்கு வந்துவிடும். தண்ணீர்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துகொண்டு கேள்வி கேட்கும்.

"ஆன்ட்டி, பதினேழுக்கு அக்கா தங்கச்சி இல்லியா?"

"இருந்தது."

"இப்ப எங்க கீது?"

"சரியாகப் பிறக்கவில்லை. ஒன்றுக்கு வாய் மூடாது. ஒன்றுக்கு முன்னங்கால் மடங்காது."

"அதனால?"

"ஊசி போட்டுத் தூங்க வைத்தோம்."

"எய்ந்துக்கவே இல்லியா?"

"இல்லை."

காலை ஆட்டிக்கொண்டே பதினேழைப் பார்த்தது. அப்புறம், "அப்ப பதினேழு பாஸு. அதுங்கல்லாம் ஃபெயிலு" என்றது. எங்கள் பண்ணைக்கு வந்துபோன அத்தனை நிபுணர்களில் நடந்ததைச் சரியாகப் புரிந்துகொண்டது அந்தப் பிள்ளை மட்டும்தான். கெட்டிக்காரப் பிள்ளை. அதை நான் மறுக்கவில்லை.

எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை நிறுத்திவிட்டீர்கள். "மேடம், மாட்ட அவங்கிறீங்க. பிள்ளைய அதுங்கிறீங்க." பிள்ளையை அது என்று சொல்வது நம் வழக்கம்தானே? உங்கள் வீட்டில் எப்படிச் சொல்வீர்கள்? சரி, மேலே எழுதுங்கள்.

ஊரில் எங்களை யாருக்கும் பிடிக்காது. பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் காம்பவுண்டுச் சுவரில் பேய் மாடு என்று கரியால் எழுதினார்கள். எருவுக்குச் சாணி இலவசமாகத் தருகிறோம் என்றோம். "இது சாணிய வயல்ல போட்டா நெல்லுக்கு வாலு மொளைக்கும்" என்று டீக்கடையில் சிரித்தார்களாம். அதே ஆட்கள் நிலத்தைக் கிடங்குக்காரனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, வயலே இல்லாமல், நெல்லைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். இன்னொரு கூட்டம் டெல்லியிலிருந்து வந்தது. கடவுள் வேலையை மனிதன் செய்யலாமா என்று கேட்டது. நான் அவர்களுக்கு டீ கொடுத்தேன். பால் டீதான் கேட்டார்கள்.

அனுமதி வாங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பதினேழிடம் ஒரு சொட்டு ரத்தம் எடுக்க மூன்று படிவம், ஐந்து பேர் கையெழுத்து. அவளுக்கு வலிக்குமா, வலித்தால் எவ்வளவு நேரம், வலியைக் குறைக்க என்ன ஏற்பாடு, எல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மனிதருக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்றபோது, இது மாடா, மருந்தா, சாப்பாடா என்று ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டினார். பதினாலு மாதம் போயிற்று. பதில் வரவில்லை.

பதிலுக்குப் பதிலாகப் போர்டுதான் வந்தது. கம்ப்யூட்டர் திரையில் ஏழு முகம். இந்த மாதக் கடைசிக்குள் காட்டுவதற்கு ஏதாவது இல்லையென்றால் நாலு மாட்டையும் முடித்துவிடுங்கள் என்றார்கள். வெளியே விற்கக் கூடாது, கோசாலைக்குக் கொடுக்கக் கூடாது, சினைக்கு விடக் கூடாது. அப்புறம் கொட்டகையைக் கிடங்காக்கிவிடலாம், டிமாண்ட் இருக்கிறது என்றார் ஒருவர். முடித்துவிடுங்கள் என்பதை மெயிலை முடிப்பது மாதிரிச் சொன்னார். பதினேழு அப்போது வெளியே அசைபோட்டுக்கொண்டு நின்றாள். நல்ல கறுப்பு. நெற்றியில் ஒரு வெள்ளை. கதவைத் திறந்தாலே என் பக்கம் திரும்புவாள்.

அந்த வாரம்தான் அருள்மேரி வந்து கேட்டாள். நான் தேடிப் போகவில்லை. இதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

"டாக்டரம்மா, வர்ற ஞாயித்துக்கெயம இவளுக்குப் புதுநன்ம. மொத தபா சாமியார் கையால அப்பம் வாங்கப்போறா. சர்ச்சில இருபத்திரெண்டு புள்ளைங்க. வெள்ள கவுனு தெச்சாச்சி, கிரீடம் வாங்கியாச்சி. பூச முடிஞ்சி அல்லாம் கேக்கு துன்னும், ஐஸ்கிரீமு துன்னும். இது மட்டும் ஓரமா குந்திகினு தர்பூஸ் துன்னும். பெத்த வயிறு பேஜாராவுது."

"அதற்கு நான் என்ன செய்ய?"

"நம்ம பதினேழு பாலு இவளுக்கு ஒத்துக்குமா? அத்த கொஞ்சம் பாத்து சொல்லுங்களேன். நானே அதுல ஐஸ்கிரீமு செஞ்சி குடுத்துர்றேன்."

ஷாலினின் பழைய ரத்தப் பரிசோதனைத் தாளைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். பால் சேராது என்று மூன்று வயதில் எடுத்தது. அதில் இரண்டு வரி இருந்தது. முதல் வரி, நாங்கள் நிறுத்திய புரதம். அது உச்சத்தில் இருந்தது. இரண்டாவது வரி, பால் திரிந்தால் கட்டியாகிறதே, அந்தப் பகுதியில் இருக்கிற புரதம். அதுவும் இருந்தது, முதல் வரியை விடக் குறைவாக. அருள்மேரி எட்டாவது படித்தவள். அவளுக்கு இரண்டு வரியும் ஒன்றுதான். எனக்கு ஒன்றில்லை. பதினேழின் பாலில் முதல் புரதம் துளிகூட இல்லை. ஆனால் உடம்பு காலி இடத்தைச் சும்மா விடாது. இரண்டாவது புரதம் அவளிடம் வழக்கத்தை விடக் கூடுதல். இது என் சொந்த அறிக்கையிலேயே இருக்கிறது, பன்னிரண்டாம் பக்கம். நீங்கள் எடுத்துப்போன பெட்டியில் பாருங்கள்.

செவ்வாய்க்கிழமை பிள்ளையின் கையில் சொட்டு வைத்துப் பார்த்தேன். முன்கையில் இரண்டு இடத்தில் லேசாகக் கீறி, ஒன்றில் கடைப் பால், ஒன்றில் பதினேழின் பால். பதினைந்து நிமிடத்தில் கடைப் பால் வைத்த இடம் புளியங்கொட்டை அளவு தடித்தது. பதினேழின் பால் வைத்த இடம் மிளகு அளவு.

"சின்னதாக ஒன்று தெரிகிறதே" என்றேன்.

"அய்ய, அது கொசுக்கடி டாக்டரம்மா. ராவெல்லாம் கரண்டு இல்ல. வூடு பூரா கொசு. பாருங்க, எங்கையில கூட கீது."

கொசுக்கடி என்று எழுதினேன்.

"அது கொசுக்கடின்னு நீங்க நம்புனீங்களா, மேடம்?" இல்லை. நான் கீறிய அதே இடத்தில், நான் சொட்டு வைத்த பதினைந்தாவது நிமிடத்தில், எந்தக் கொசுவும் வந்து கடிக்காது. ஆனால் சொன்னது தாய். தாய் வாயால் சொன்னதைத்தான் எழுதினேன். என் வார்த்தை அதில் ஒன்றுகூட இல்லை.

அடுத்தது சம்மதம். என் நோட்டில் "தாய் ஒத்துக்கொண்டார்" என்று இருப்பதைக் காட்டினீர்கள். அருள்மேரி அப்படிச் சொல்லவே இல்லை என்கிறாளாமே. சொன்னாள். வியாழக்கிழமை காலை என் அறை வாசலில் நின்று சொன்னாள். அப்படியே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

"இன்றைக்கு அரை டம்ளர் கொடுத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். ஒத்துக்கிறாயா?"

"ஒத்துக்கும்னு நீங்கதான சொல்லணும்."

"நீ ஒத்துக்கிட்டால்தான் நான் கொடுக்க முடியும், அருள்மேரி."

"ஒத்துக்கினா போதும் டாக்டரம்மா. அத்த விட வேற இன்னா வோணும் எனக்கு."

கேட்டீர்களா? அவள் பேசியது பிள்ளையின் வயிற்றைப் பற்றி. நான் கேட்டது அவள் சம்மதத்தைப் பற்றி. சொல் ஒன்றுதான். அவள் எதைச் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. புரியாமல் என்ன? ஆனால் நோட்டில் எழுதும்போது அந்தச் சொல் இரண்டுக்கும் பொருந்தியது. பொருந்துகிற சொல்லை எழுதுவதில் என்ன தவறு?

அப்புறம் அருள்மேரியைக் கறவை மெஷினைக் கழுவ அனுப்பினேன். தாய் பக்கத்தில் நின்றால் பிள்ளைகள் இல்லாத வலியை எல்லாம் சொல்லும். கன்றுகளிடமே பார்த்திருக்கிறேன். கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது.

ஒவ்வாமை வந்தால் போடுகிற ஊசியை முன்னாலேயே ஏற்றி ட்ரேயில் வைத்திருந்தேன். அந்தப் பிள்ளையின் எடைக்கு எவ்வளவோ அவ்வளவு. அப்படியென்றால் ஆபத்து வரும் என்று தெரியும்தானே என்று நேற்று மேஜையைத் தட்டினீர்கள். தெரியும். ஏற்றி வைக்காமல் இருந்திருந்தால் அதற்குப் பெயர்தான் கவனக்குறைவு.

பதினொன்று பத்து. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தது. விவரம் தெரிந்து அது பால் குடிப்பது அதுதான் முதல் தடவை.

"இவ்ளோதானா ஆன்ட்டி பாலு?"

"ஏன்?"

"ஒண்ணுமே இல்ல. தண்ணி மாரி கீது. இதுக்கா இந்த ஷோ காட்றாங்க எங்க கிளாஸ்ல. கொஞ்சம் சக்கர போட்டுருக்கலாம்ல?"

பதினொன்று பதின்மூன்று. உதட்டைத் தேய்த்தது. "அரிக்கிது ஆன்ட்டி." பதினைந்து. கழுத்தில் தடிப்பு. பதினாறு. இருமல். குரல் கம்மியது. எல்லாம் என் நோட்டில் இருக்கிறது, எழுத்து கோணவில்லை, நீங்களே பாருங்கள். பதறுகிறவள் எழுத்தா அது?

பதினொன்று பதினேழுக்கு அது என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது: "பதினேழு ஃபெயிலா, ஆன்ட்டி?"

"இல்லை" என்றேன்.

"அத்த தூங்க வெக்க மாட்டீங்கல்ல?"

"மாட்டேன்."

தலையாட்டியது. அதற்கப்புறம் இருமலை அடக்கப் பார்த்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தது. இருமல் சத்தம் குறைந்தது. நோட்டில் "அறிகுறி குறைகிறது" என்று எழுதினேன். அந்த வரியின் கீழ்தான் நீங்கள் சிவப்பு மையால் கோடு போட்டிருக்கிறீர்கள்.

பதினொன்று பத்தொன்பதுக்கு மாட்டுக்காரன் இசக்கிபாண்டி கதவைத் தட்டினான். "டாக்டரம்மா, என்ன, பிள்ள இருமுத சத்தம் கேக்கு?"

"புரை ஏறிவிட்டது. நீ போய் வேலையைப் பார்."

"புரைன்னா இப்பிடியா இருமும்? கதவத் தொறங்க."

"போ என்கிறேன்."

போனான். ஏழு நிமிடம் கழித்து அருள்மேரியோடு வந்து கதவை உடைத்தான். அதற்குள் உதடு நீலம். தீவன வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு தண்டலம் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்கள். ரோடு முழுக்கக் கண்டெய்னர் லாரி. பாதி வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டதாம். நான் வண்டியில் ஏறவில்லை. டம்ளரில் மீதி இருந்த பாலைப் பாட்டிலில் ஊற்றி, தேதி எழுதி, ஃப்ரிட்ஜில் வைத்தேன். ஊசி ட்ரேயில் ஏற்றியபடியே இருந்தது.

இப்போது உங்களுக்கு வேண்டியதைச் சொல்கிறேன்.

ஊசி போட்டிருந்தால் பிள்ளை பிழைத்திருக்கும். பதினொன்று பதினாறுக்குப் போட்டிருந்தால் நிச்சயமாக. பத்தொன்பதுக்குப் போட்டிருந்தாலும் பிழைத்திருக்கும். ஆனால் போட்டால் நோட்டில் ஒரு வரி எழுத வேண்டும்: "ஊசி தேவைப்பட்டது." அந்த வரி போர்டுக்குப் போகும். வெள்ளிக்கிழமையே நாலு மாட்டையும் முடித்துவிடுவார்கள். ஊசி போடாமல் அது தானாக அடங்கிவிட்டால் வரி வேறு: "லேசான அறிகுறி, தானாக அடங்கியது." உலகத்தில் எந்தக் குழுவும் அந்த வரியைத் தள்ளாது. ஊசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த இரண்டாவது வரி வருமா என்று நான் பத்து நிமிடம் காத்திருந்தேன். பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்துக் காத்திருக்கவில்லை. ஆகலாம் என்று தெரிந்து காத்திருந்தேன். ஒரு பக்கம் நாலு உயிர், பதினோரு வருடம், இனிமேல் பிறக்கப்போகிற அத்தனை குழந்தைகள். இன்னொரு பக்கம் ஒன்று. நீங்களாக இருந்தாலும் எண்ணித்தான் பார்த்திருப்பீர்கள்.

ஆகவே "பதற்றத்தில்" என்பதை அடித்துவிடுங்கள். "தெரிந்தே" என்று எழுதுங்கள். "தவறிவிட்டேன்" என்பதையும் அடியுங்கள். "போடவில்லை." அவ்வளவுதான்.

பேப்பரில் வெள்ளை கவுனோடு அந்தப் பிள்ளையின் படம் போட்டிருந்தார்கள். பக்கத்தில் ஏதோ ஒரு சிவப்பு மாடு. பதினேழு கறுப்பு என்றுகூட விசாரிக்கவில்லை. நேற்று அருள்மேரி உங்கள் ஸ்டேஷன் வாசலில் நின்றாள். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று உங்கள் பெண் போலீஸ் இரண்டு பேர் எனக்கு முன்னால் வந்து நின்றார்கள். அவள் ஒன்றும் செய்யவில்லை. "ஒரு கொரலு குடுத்திருந்தா ஓடியாந்துருப்பனே டாக்டரம்மா. அடுத்த ரூம்புலதான இருந்தேன்" என்றாள். கறவை மெஷின் சத்தத்தில் காதில் விழுந்திருக்காது என்றேன். தரையில் துப்பிவிட்டுப் போனாள். நியாயம்தான், அவளுக்கு விஞ்ஞானம் தெரியாது.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள். ரைட்டரை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டீர்கள். "கேசுக்காக இல்ல மேடம், எனக்காகக் கேக்கேன். அந்த வியாழக்கிழமை திரும்ப வந்தா வேற மாதிரி செஞ்சிருப்பீங்களா?"

செய்திருப்பேன். இங்கே வந்த நாளிலிருந்து அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பாலில் குறை இல்லை, அளவிலும் குறை இல்லை. நான் ஆளைத் தேர்ந்தெடுத்ததில்தான் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன். அந்தப் பிள்ளை இருபத்தோரு கிலோதான். முப்பது கிலோவுக்கு மேல் இருக்கிற பிள்ளையாகப் பார்த்திருந்தால் தாங்கியிருக்கும்.